மீன் தெரியுது, கொத்துதில்லை: வற்றிய ஆற்றில் ட்ரவுட்

கனடாவில் இருக்கிற மச்சான் போன வருசம் ஓகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோல் எடுத்தான். எங்களுக்கு இரவு எட்டு மணி, அவனுக்குக் காலை பத்தரை. திருகோணமலையில் பகல் முழுக்க அடித்த கச்சான் காற்று அப்போதுதான் ஓய்ந்திருந்தது. வீட்டுக்குள் ஒரே புழுக்கம். அவனுக்குப் பின்னால் ஒரு ஆறு. கையில் ஒன்பது அடித் தடி, நெஞ்சு வரைக்கும் ஏற்றிக் கட்டிய ரப்பர் காற்சட்டை. தண்ணியோ முழங்காலுக்கும் கீழே.

"மச்சான், தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்குது. அந்தா பார், ஏழு ட்ரவுட். எண்ணலாம். ரெண்டு மணித்தியாலமா எறியிறன், ஒண்டும் கொத்துதில்லை."

சின்ன வயதில் உப்பாற்றுப் பக்கம் தங்கூசியும் ஈயமும் வைத்து அவனும் நானும் ஒன்றாக மீன் பிடித்தவர்கள். அந்த உரிமையில்தான் என்னைக் கேட்டான். எனக்கு அப்போது பதில் தெரியாது. தேடி வாசித்து, ஊரில் வலை வீசுகிறவர்களிடம் கதைத்து, அவனோடு ஒரு மாதம் வாக்குவாதப்பட்ட பிறகுதான் விசயம் விளங்கியது. தண்ணி குறைந்த ஆற்றில் ட்ரவுட் என்கிற இந்தக் குளிர்நீர் மீனைக் கண்டுபிடிப்பது சுலபம். அதன் கண்ணில் படாமல் நிற்பதுதான் கஷ்டம். அதைவிட, எந்த நேரத்தில் தூண்டிலைச் சுருட்டி வைக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் மச்சான் போடுகிற இந்த 'ஈ' தூண்டிலைப் (ஃப்ளை ஃபிஷிங்) பற்றிக் கொஞ்சம். நாங்கள் எறியும்போது ஈயத்தின் பாரம் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் முள்ளில் கட்டியிருப்பது இறகும் நூலும் சுற்றிச் செய்த ஒரு பொய்ப்பூச்சி. அதற்குப் பாரமே கிடையாது. அதனால் நூலையே தடிப்பாக, பாரமாகச் செய்திருக்கிறார்கள். தடியை முன்னும் பின்னும் வீச, அந்தத் தடித்த நூல் காற்றில் சவுக்குப் போல விரிந்து போகும். அதன் நுனியில் ஒன்பது அடியளவு மெல்லிய தங்கூசி, அதன் நுனியில் பூச்சி. தடித்த நூல் மீனின் கண்ணில் படக்கூடாது, பூச்சி மட்டும் தானாக விழுந்தது போல விழவேண்டும். ஆறு நிறைய ஓடும்போது அலையும் கலங்கலும் எங்கள் பிழைகளை மறைத்துவிடும். வற்றிய ஆற்றில் ஒளிக்க ஒன்றுமில்லை.

திருகோணமலைக்காரனுக்கும் ட்ரவுட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஆறுதான் சம்பந்தம். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி எங்கள் கொட்டியாரக்குடாவில் விழுகிறது. மூதூர், கிண்ணியாப் பக்கத்தில் அதற்குக் கங்கை என்றுதான் பெயர். அதன் தலைமாட்டில், கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிற ஹோட்டன் சமவெளியில் ஆக்ரா ஓயா ஊறுகிறது. அது கொத்மலை ஓயாவோடு சேர்ந்து மகாவலிக்கு வருகிறது. 1880களில் மலைநாட்டுத் துரைமார் தங்கள் ஊர் ஞாபகத்துக்கு பிரவுண் ட்ரவுட்டைக் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் விட்டுப் பார்த்தார்கள். அது நிலைக்கவில்லை. அப்புறம் வந்த வட அமெரிக்க ரெயின்போ ட்ரவுட் நிலைத்துவிட்டது. இன்றும் சமவெளியின் ஓடைகளில் அது இருக்கிறது. தமிழ்நாட்டில் நீலகிரியின் அவலாஞ்சியிலும் வெள்ளைக்காரர் காலத்திலேயே இதற்குக் குஞ்சு பொரிப்பகம் கட்டினார்கள். ஆக, கங்கைப் பாலத்தடியில் ஓடுகிற தண்ணியில் ஒரு பங்கு ஒரு காலத்தில் ட்ரவுட்டின் செவுளுக்குள்ளால் போய் வந்த தண்ணியாக இருக்கலாம். நினைக்க எனக்குச் சந்தோசமாகத்தான் இருக்கிறது. சூழலியல்காரருக்கு அப்படியில்லை. ஹோட்டன் சமவெளியில் மட்டுமே வாழும் ஒரு சின்ன நன்னீர் இறால் உண்டு. அந்த ஓடைக்குள் வெளியூர் வேட்டைக்கார மீன் ஒன்றை விட்டது அவர்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காது. 1988இலிருந்து அது தேசியப் பூங்கா, 2010இலிருந்து உலக மரபுரிமை. நினைத்த நேரம் தூண்டிலோடு போய் இறங்குகிற இடமும் இல்லை.

சரி, மச்சானின் ஏழு மீனுக்கு வருவோம்.

தண்ணிக்குள் இருந்து மேலே பார்க்கிற மீனுக்கு வானம் முழுக்கத் தெரியாது. ஒளி தண்ணிக்குள் இறங்கும்போது வளைவதால், தலைக்கு மேலே ஒரு வட்ட யன்னல் மட்டும் திறந்திருக்கும். மீனின் கண்ணிலிருந்து ஏறக்குறைய 97 பாகை விரிந்த கூம்பு அது. ஒரு மீற்றர் ஆழத்தில் கிடக்கும் மீனுக்கு அந்த யன்னல் இரண்டேகால் மீற்றர் அகலம். முப்பது சென்ரிமீற்றர் ஆழத்தில் கிடந்தால் எழுபது சென்ரிமீற்றர் கூட வராது. வட்டத்துக்கு வெளியே நீர்மட்டத்தின் அடிப்பக்கம் ஒரு கண்ணாடி; அதில் ஆற்றின் அடித்தரைதான் தெரியும்.

இதைக் கேட்டவுடன் "அப்போ ஆழமில்லாத மீனுக்கு என்னைத் தெரியாதே" என்றான் மச்சான். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். யன்னல் சிறிசுதான், ஆனால் கரையில் நிற்கிற ஆள், மரம், வானம் எல்லாம் அந்தச் சின்ன யன்னலுக்குள்ளேயே அடைபட்டுத் தெரியும். தாழ்வாக இருக்கிற பொருள் மட்டும்தான் ஓரத்தில் நசிந்து மங்கிப்போகும். நீர்மட்டத்திலிருந்து பத்துப் பாகைக்குள் அடங்கினால் மீனுக்கு உங்களை வடிவாகத் தெரியாது என்பது தூண்டில்காரர் வைத்திருக்கும் கணக்கு. ஆறடி ஆள் நீர்மட்டத்தோடு நின்றால், பத்து மீற்றருக்குக் கிட்டப் போனதும் அவன் தலை அந்தப் பத்துப் பாகையைத் தாண்டும். முழங்காலில் இருந்தால் ஏழு மீற்றர் வரைக்கும் போகலாம்.

இதில்தான் வற்றிய ஆறு காலை வாரிவிடுகிறது. தண்ணி ஒரு மீற்றர் இறங்கிவிட்டது, கரை அதே இடத்தில் இருக்கிறது. வழமையாக நிற்கிற அதே கல்லில் நின்றால் நீங்கள் இப்போது ஒரு மீற்றர் உயர்ந்த ஆள். பத்து மீற்றர் என்பது பதினாறு மீற்றராகிவிடும். மச்சான் அனுப்பிய படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன்: மேட்டில், நீல வானத்துக்கு முன்னால், சிவப்புத் தொப்பியோடு நிற்கிறான். ஏழு மீனும் அவனை இரண்டு மணித்தியாலமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

நிழல் வேறு. கிண்ணியாப் பக்கம் ஆழமில்லாத தண்ணியில் மணலைக்கு வீச்சுவலை வீசுகிறவர்களைக் கவனித்தால் ஒரு விசயம் தெரியும். சூரியன் முகத்தில் அடிக்கிற மாதிரித்தான் நடப்பார்கள். கண் கூசும், நெற்றியைச் சுருக்குவார்கள், ஆனால் திரும்ப மாட்டார்கள். திரும்பினால் நிழல் முன்னால் விழும். நெருங்கியதும் முதுகை வளைத்து, காலைத் தூக்காமல் மணலில் தேய்த்தபடி வருவார்கள். ஒருமுறை நான் பின்னால் நின்று படம் எடுக்கப் போய், என் நிழல் கூட்டத்தின் ஓரத்தில் விழுந்தது. தண்ணி ஒரு தரம் சுருங்கியது போல இருந்தது, அவ்வளவுதான், ஒரு மணலையும் இல்லை. வலைக்கார நானா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. மச்சானுக்கு நான் சொன்ன முதல் புத்தி இந்த நானாவிடம் படித்ததுதான்: சூரியனை முகத்துக்கு வை, காலைத் தூக்கி வைக்காதே. மீனின் பக்கவாட்டில் ஓடுகிற உணர்கோடு தண்ணியின் சின்ன அதிர்வையும் பிடித்துவிடும். அசையாத குளம்போலக் கிடக்கிற தண்ணியில் கூழாங்கல் ஒன்று நெரிபட்டாலே போதும்.

ட்ரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து மூக்கை வைத்துத்தான் நிற்கும், ஏனென்றால் சாப்பாடு அந்தப் பக்கத்திலிருந்துதான் மிதந்து வரும். அதனால் கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி நெருங்க வேண்டும். (எங்கள் கங்கை வாயில் இந்தக் கணக்குச் சரிவராது. வற்று நாட்களில் கடல் உள்ளே ஏறி, ஆறே மேல்நோக்கி ஓடும். முதலையும் உண்டு, ஆகையால் இடுப்பளவு தண்ணியில் இறங்கி நின்று எறிகிற கலையை இங்கே யாரும் பழகவேண்டாம்.)

அப்புறம் நூல். தெளிந்த தண்ணியில் மீன் நூலைப் பார்ப்பதோடு, அடித்தரையில் ஓடுகிற நூலின் நிழலையும் பார்க்கிறது. அரையடித் தண்ணியில் வெயிலடித்தால் அந்த நிழல் பென்சிலால் கீறியது போல இருக்கும். தடித்த நூல் மீனுக்கு மேலால் போனால் ஆட்டம் முடிந்தது. அதனால் நுனித் தங்கூசியை ஒன்பது அடியிலிருந்து பன்னிரண்டு, பதினைந்து அடிக்கு நீட்டுகிறார்கள். மெல்லியதாகவும் ஆக்குகிறார்கள்: வழமையான 0.15 மில்லிமீற்றரை விட்டு 0.13, சிலர் 0.10 வரைக்கும். மெலிவதா, நீள்வதா என்று கேட்டால் என் வாக்கு நீளத்துக்கு. 0.10 நூலில் மாட்டிய மீனை இழுத்து எடுக்க முடியாது, கெஞ்சிக் கெஞ்சித்தான் கொண்டுவர வேண்டும். அது நேரம் பிடிக்கும். அந்த நேரம் மீனுக்கு என்ன செய்யும் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

பூச்சியும் சிறிசாக வேண்டும். இருபதாம் நம்பர் முள்ளில் கட்டிய பூச்சி ஒரு அரிசி மணி அளவுதான் வரும். வேகமான தண்ணியில் மீனுக்கு யோசிக்க ஒரு செக்கன்தான் கிடைக்கும். பிழையான பூச்சியையும் கவ்வும். வற்றிய தண்ணியில் பூச்சி ஆடி அசைந்து வரும். ட்ரவுட் அதற்குக் கீழே வந்து மூக்கை முட்டாத குறையாக வைத்து, இரண்டு மூன்று அடி பின்னாலேயே நகர்ந்து, பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். மச்சான் அனுப்பிய வீடியோ ஒன்றில் இதைப் பார்த்தேன். சந்தைக்குப் போய்ச் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் வருகிற மாமிமார்தான் ஞாபகம் வந்தார்கள். பூச்சி இயற்கையாக மிதக்காமல் நூல் அதை ஒரு விரல் அகலம் இழுத்தாலும் மீனுக்குத் தெரிந்துவிடுகிறது. கோடைக் கடைசியில் ஆற்றுப் பூச்சிகள் குறைந்துபோகும் நேரம், கரையிலிருந்து தவறி விழுகிற எறும்பு, வண்டு, வெட்டுக்கிளி மாதிரிக் கட்டினால் இந்தச் சந்தேகம் கொஞ்சம் குறையும். வெட்டுக்கிளி எப்படியும் தண்ணியில் பொத்தென்றுதான் விழும்; எறிகிறவனின் கைப்பிழையை மீன் அதன் கணக்கில் எழுதிவிடும்.

இவ்வளவும் மீனை ஏமாற்றுகிற பாடம். மற்றப் பாடம் ஒட்சிசன் பற்றியது. எனக்கு அதுதான் பெரிய விசயமாகப் பட்டது.

எங்கள் வயல் வாய்க்காலும் குளமும் வற்றும்போது விரால் சேற்றுக்குள் கிடக்கும். அடிக்கொரு தரம் மேலே வந்து வாயைத் திறந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். பனையேறிக் கெண்டையும் அப்படித்தான். காற்றிலிருந்து நேராக மூச்செடுக்கிற உறுப்பு அவற்றுக்குத் தலைக்குள் இருக்கிறது. அதனால்தான் முழங்கால் சேற்றில் கரப்புக் குத்தி விரால் பிடிக்க முடிகிறது, பிடித்ததை வாளியில் போட்டு நாலு மணித்தியாலம் கழித்துச் சந்தையில் துள்ளத் துள்ள விற்கவும் முடிகிறது. ட்ரவுட்டுக்கு அந்த வசதி இல்லை. தண்ணியில் கரைந்திருக்கிற ஒட்சிசன் மட்டும்தான் அதன் மூச்சு.

தண்ணி சூடேறினால் ஒட்சிசன் அதில் தங்காது. கடல்மட்டத்தில் 10 பாகை செல்சியஸ் தண்ணி லீற்றருக்கு 11 மில்லிகிராமுக்குச் சற்று மேல் பிடித்து வைக்கும். 20 பாகையில் 9. எங்கள் ஊர்க் குளம் மாதிரி 30 பாகை என்றால் ஏழரை. அதே நேரம் தண்ணி சூடேற ஏற மீனின் உடம்பு கூடுதல் ஒட்சிசன் கேட்கும். வரவு குறைகிறது, செலவு கூடுகிறது. ட்ரவுட் சுகமாக இருப்பது 10இலிருந்து 16 பாகை வரைக்கும். 20 பாகையைத் தொட்டால் சாப்பாட்டில் அக்கறை போய்விடும். 25 பாகைப் பக்கம் போனால் உயிருக்கே ஆபத்து. வற்றிய ஆறு ஏன் சுறுக்கெனச் சூடாகிறது என்று சொல்லத் தேவையில்லை: கொஞ்சத் தண்ணி, மெதுவான ஓட்டம், வெயிலில் கிடக்கிற கல்.

அப்படியான நாட்களில் மீன் எங்கே போகும்? ஆழமான மடுவுக்கு, மரநிழலுக்கு, கரை குடைந்த இடத்துக்கு, வெள்ளையாய் உடைந்து விழுகிற ஓட்டத்தின் அடிக்கு. முக்கியமாக, குளிர்ந்த ஊற்றோ கிளை ஓடையோ வந்து சேர்கிற வாய்க்கு. ஐம்பது மீன் ஒரு அறையளவு இடத்தில் அடைந்து கிடப்பதை அங்கே பார்க்கலாம். பார்த்தவனுக்குக் கை துறுதுறுக்கும். அங்கே எறியவே கூடாது. மூச்சுக்காக ஒதுங்கி நிற்கிற மீனை இழுத்தால், அந்த ஓட்டத்தில் அதன் தசையில் அமிலம் ஏறும். அதைத் தீர்க்க வேண்டிய ஒட்சிசன் தண்ணியில் இருக்காது. கையிலிருந்து விட்டதும் நன்றாக நீந்திப் போவது போலத்தான் போகும், சில மணித்தியாலம் கழித்து எங்கோ மடுவின் அடியில் செத்துக் கிடக்கும். மெல்லிய நூல் பற்றி நான் முறைப்பட்டதன் காரணம் இதுதான். ஐந்து நிமிசம் கெஞ்சி இழுப்பதைவிட, கொஞ்சம் தடித்த நூலில் ஒரு நிமிசத்தில் எடுத்து, தண்ணிக்கு வெளியே தூக்காமலே முள்ளைக் கழற்றிவிடுவது நல்லது. கொக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசித்துவிட்டால் கழற்றுவதும் சுலபம்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். கோடையில் ஆற்றுத் தண்ணி தொடர்ந்து மூன்று நாள் 73 பரனைற், அதாவது ஏறக்குறைய 23 பாகை செல்சியஸ் வரைக்கும் ஏறினால், பின்னேரம் இரண்டு மணியிலிருந்து நள்ளிரவு வரைக்கும் தூண்டில் போடத் தடை விதிப்பார்கள். அதற்கு ஆந்தை விதி என்று பெயர். காய்ந்த கோடையில் காட்டுத்தீக்குப் பயந்து விடியப்புறமே வேலைக்கு இறங்கிய மரவெட்டிகள் ஆந்தைக் குரல் கேட்டு வேலை செய்த காலத்திலிருந்து வந்த பெயராம். விடியலில் தண்ணி ஆகக் குளிர்ந்து இருக்கும் என்பதுதான் அந்த விதிக்குள் இருக்கிற அறிவு. ஆனாலும் ஒரு கொக்கி உண்டு. பாசியும் நீர்ச்செடியும் மண்டிய மெதுவான ஆற்றில் இரவு முழுக்கச் செடிகளும் ஒட்சிசனை எடுத்துக்கொண்டிருப்பதால், விடிகிற நேரத்தில்தான் அது ஆகக் குறைவாக இருக்கும். கல்லில் உடைந்து ஓடுகிற ஆறென்றால் அந்தப் பயம் குறைவு.

மச்சான் போகிற ஆறு ஒன்ராறியோவின் கிராண்ட் ஆறு. அங்கே ஃபேர்கஸ் ஊருக்கு மேலே 1942இல் கட்டி முடித்த ஷாண்ட் அணை இருக்கிறது. நீர்த்தேக்கத்தின் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணியைத் திறந்துவிடுவதால்தான் அணைக்குக் கீழே கோடையிலும் பிரவுண் ட்ரவுட் பிழைக்கிறது. அணைக்குக் கிட்ட அது குளிர்ந்த ஆறு; பதினைந்து கிலோமீற்றர் கீழே போனால் வேறொரு ஆறு. அவன் நின்றது கீழே. வெப்பமானி ஒன்று வாங்கச் சொன்னேன். பத்து டொலர் கூட இல்லை, எழுநூறு டொலர்த் தடி வைத்திருக்கிறவன் அதை வாங்க ஒரு மாதம் இழுத்தடித்தான்.

எங்கள் பக்கக் கதை தலைகீழ். தென்மேல் பருவமழை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டுகிற மாதங்களில் எங்களுக்குக் கச்சானும் வறட்சியும். ஹோட்டன் சமவெளியின் ஓடைகள் வற்றுவது தையிலிருந்து பங்குனி வரைக்கும். அப்போது அங்கே இரவில் உறைபனி விழும். தண்ணி குறைவு, தெளிவு, ஆனால் குளிர்ச்சிக்குக் குறைவில்லை. அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் தண்ணி பிடித்து வைக்கிற ஒட்சிசன் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும் என்றாலும், குளிர் அதைச் சமாளித்துவிடுகிறது. அங்கே வற்றுக்கால ட்ரவுட்டுக்குக் கண்தான் பிரச்சினை, மூச்சு அவ்வளவாக இல்லை. இந்த முனையில் ஆவணியில் கங்கை மெலிவதற்கு வானம் மட்டும் காரணமில்லை. 1976இல் பொல்கொல்லையில் தண்ணி வடக்கே திருப்பப்பட்டது, அப்புறம் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல என்று அணைகள் வந்தன. மழை நினைத்தபடி ஆறு ஓடிய காலம் போய், சிறுபோகத்துக்கு மதகு எப்போது திறக்கும் என்று பார்க்கிற காலமாகிவிட்டது.

செப்டெம்பர் நடுவில் ஒன்ராறியோவில் இரண்டு நாள் மழை. தண்ணி ஒரு சாண் ஏறி, தேத்தண்ணி நிறத்தில் இலேசாகக் கலங்கியது. வற்றுக்கு அப்புறம் தண்ணி ஏறத் தொடங்குகிற அந்த அரை நாளுக்காகத்தான் தூண்டில்காரர் காத்துக் கிடப்பார்கள்: தண்ணி குளிரும், ஒட்சிசன் ஏறும், கரையோரப் புழு பூச்சியெல்லாம் அடிபட்டு வரும், கலங்கல் ஆளை மறைக்கும். மச்சான் சிவப்புத் தொப்பியைக் காரில் விட்டுவிட்டு, முழங்காலில் நின்று எறிந்து ஒன்றைப் பிடித்தான். வெப்பமானி 15 பாகை காட்டியதையும் சேர்த்துப் படம் அனுப்பினான். தண்ணிக்குள்ளேயே பிடித்தபடி, பழுப்பு முதுகும் சிவப்புப் புள்ளியுமாக வடிவான மீன்.

ஐப்பசியில் எங்களுக்கும் முதல் மழை வந்து, கங்கை வாய் செம்மண் நிறமாகி, கொடுவாய்க்கு ஆட்கள் பாலத்தில் கூடியபோது, அந்தப் படத்தை வலைக்கார நானாவிடம் காட்டினேன். வற்றிய ஆறு, நிழல், பதினைந்து அடித் தங்கூசி, ஒரு மாதப் பாடு, எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல வேலைதான் தம்பி. எத்தனை கிலோ?"

"முக்கால் கிலோ வரும் நானா. திருப்பி விட்டுட்டான்."

நானா போனைத் திருப்பித் தந்துவிட்டு, இரையைப் பார்த்து முள்ளில் குத்தத் தொடங்கினார்.